கண்ணாடிக் குடிலும் தக்காளி நாற்றும்

பெரு, எக்குவடோர் ஆகிய நாடுகளின் கடலோரத் தாழ்நிலங்களில், உறைபனி என்பதையே அறியாத சீதோஷ்ணத்தில் காட்டுச் செடியாகத் தோன்றி, மெக்ஸிகோவின் பழங்குடி மக்கள் கையில் பயிராகி, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரின் கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த தக்காளியை, வசந்த காலத்து இரவுகளில்கூடப் புல்நுனி உறைந்து வெளுக்கும் இங்கிலாந்தில் வளர்க்கலாம் என்று துணிந்தவர்களை எண்ணினால் வியப்பே மேலிடுகிறது. ஜான் ஜெரார்ட் என்பவர் 1597இல் வெளியிட்ட தமது பெரிய மூலிகை நூலில், இச்செடி தம் தோட்டத்தில் வளர்வதாகக் குறித்திருக்கிறார். ஆயினும் அதன் கனியில் போஷாக்கு இருப்பதாக அவர் கருதவில்லை. அந்த அவநம்பிக்கை நீங்கி, தக்காளி ஆங்கிலேயரின் அன்றாட உணவில் இடம்பெறுவதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் சென்றன. செடியோ அத்தனை காலத்திலும் தன் பிறவிக் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மனிதன்தான் அதற்காகக் கண்ணாடியால் ஒரு வீடு கட்டிக் கொடுத்தான். பிரிட்டனில் கண்ணாடிக்கு விதிக்கப்பட்டிருந்த தீர்வை 1845இல் நீக்கப்பட்டபின், அதுவரை பிரபுக்களின் மாளிகைகளில் மட்டுமே காணக் கிடைத்த கண்ணாடிக் கூடங்கள் மெல்ல மெல்ல நடுத்தரக் குடும்பத்தாரின் கொல்லைப்புறங்களுக்கும் வந்தன. வியாபாரத்துக்காகப் பயிரிடுவோர் நிலக்கரியையும் பின்னர் எண்ணெயையும் எரித்துக் குழாய்களில் வெந்நீரைச் செலுத்திக் கூடத்தைச் சூடாக்கினார்கள். வீட்டுத் தோட்டக்காரருக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது. ஆகவே அவருடைய கண்ணாடிக் குடில், சூரியன் கொடுத்த உஷ்ணத்தைத் தவிர வேறு உஷ்ணமே இல்லாத குடிலாகவே இருந்தது. இன்றும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. லண்டனின் புறநகர்களில் குடியேறிவிட்ட நம்மவர் பலரும் மிளகாயோடும் கத்தரியோடும் தக்காளியை வைத்துக் காப்பது இத்தகைய குடில்களிலேதான். அந்தக் குடிலில், ஏப்ரல் நடுவிலிருந்து மே மாதக் கடைசி வரையிலான ஆறு வாரங்களில், சாண் உயரமுள்ள தக்காளி நாற்றைச் சேதமின்றிக் காப்பாற்றுவது எப்படி என்பதே இங்கே நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் கண்ணாடி என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சூரிய கிரணங்கள் கண்ணாடியை ஊடுருவிச் சென்று மண்ணையும் தொட்டியையும் சுவரையும் சூடாக்குகின்றன. அவை திரும்ப வீசும் உஷ்ணக் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. ஆகையால் உள்ளே வெப்பம் தங்குகிறது என்று பள்ளிப் புத்தகங்களில் நாம் படித்திருக்கிறோம். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. 1909இல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் வுட், கண்ணாடி மூடியிட்ட ஒரு சிறு பெட்டியையும், உஷ்ணக் கதிர்களைத் தடையின்றி வெளியே விடும் பாறையுப்புப் படிகத்தால் மூடிய மற்றொரு பெட்டியையும் வெயிலில் வைத்துப் பரிசோதித்தபோது, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுக்குச் சூடேறின. உஷ்ணக் கதிரைச் சிறைப்பிடிப்பதைக் காட்டிலும், சூடேறிய காற்று மேலே எழுந்து தப்பிப் போகாமல் தடுப்பதே கண்ணாடிக் குடிலின் பிரதான வேலை என்பது அதனால் விளங்கிற்று.

இந்த உண்மைக்கு நாற்று வளர்ப்பவரின் நோக்கில் மிகுந்த பிரயோஜனம் உண்டு. கண்ணாடி காற்றைத் தடுக்கும். ஆனால் இரவு முழுவதும் தானே குளிர்ந்துகொண்டிருக்கும். மேகமில்லாத இரவில் பூமி தன் உஷ்ணத்தை ஆகாயத்துக்கு இழப்பதுபோலவே கூரையும் இழக்கிறது. உள்ளிருக்கும் காற்று அந்தக் கூரையைத் தொட்டுத் தொட்டுக் குளிர்ந்து கீழே இறங்குகிறது. பகலில் 35 டிகிரியைத் தாண்டிய அதே குடில், விடியற்காலையில் வெளியிலுள்ள குளிரைவிட ஓரிரு டிகிரி மட்டுமே மேலாக இருக்கும். பாலிதீன் தாள் போர்த்திய குடிலில் நிலைமை இன்னும் மோசம். மெல்லிய பாலிதீன் உஷ்ணக் கதிர்களைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடுவதால், காற்றசையாத தெளிந்த இரவில் உள்ளே வெளியைக் காட்டிலும் அதிகக் குளிர் ஏற்படுவதும் உண்டு. தை மாதத்தில் உதகைப் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுவதைப் பார்த்தவர்களுக்கு, தெளிந்த வானமே அபாயத்தின் அறிகுறி என்பதைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை.

ஆகவே, எரிபொருள் இல்லாத குடிலில் தோட்டக்காரர் செய்யக்கூடியது பகலின் உஷ்ணத்தை மாலையில் சேமித்து வைப்பது ஒன்றே. சூரியன் நன்றாகச் சாய்வதற்கு முன்பே, பிற்பகல் மூன்று நான்கு மணி அளவில் சாளரங்களை அடைத்துவிட வேண்டும். ஆறு மணிக்கு அடைத்தால் அடைபடுவது குளிர்ந்த காற்றுதான். கறுப்பு வர்ணம் பூசிய நீர்ப்பீப்பாய் ஒன்றை வெயில் படும் பக்கத்தில் வைப்பது பழைய வழக்கம். அது வெறும் சம்பிரதாயமன்று; 200 லிட்டர் நீர் இரவில் 10 டிகிரி குளிர்ந்தால் அது வெளிவிடும் உஷ்ணம், இரண்டேகால் யூனிட் மின்சாரத்தை எரித்துப் பெறும் உஷ்ணத்துக்குச் சற்று அதிகமாகவே இருக்கும். சிறிய குடிலில், அதுவும் விடியலுக்கு முந்தைய கொடிய நேரத்தில், உறைவதற்கும் உறையாமல் தப்புவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். நாற்றுகளை வெறுந்தரையில் வைக்காமல் பலகைமேல் வைப்பதும், இரவில் அவற்றின்மேல் மெல்லிய தோட்டத்துணியையோ, முன்னோர்கள் செய்ததுபோலப் பழைய செய்தித்தாள்களையோ இரண்டு மூன்று மடிப்பாகப் போர்த்துவதும் இன்னும் சில டிகிரிகளைக் காப்பாற்றித் தரும். ஆனால் போர்வை இலையைத் தொடலாகாது. சிறு குச்சிகளை நட்டு அவற்றின்மேல் விரிக்க வேண்டும். காலையில் அதை எடுக்க மறப்பதும் தவறு. வெளிச்சமின்றி நாற்று வெளுத்து நீண்டுவிடுவதோடு, போர்வைக்குள் தங்கிய ஈரம் நோய்க்கு வித்திடும்.

இனிக் குளிர் செடியை என்ன செய்கிறது என்று பார்ப்போம். உறைநிலைக்கு ஓரிரு டிகிரி கீழே போனால் தக்காளியின் உயிரணுக்களில் உள்ள நீர் உறைந்து, இலைகள் காலையில் வேகவைத்த கீரையாகத் தொங்கிவிடும், அதற்குப் பரிகாரமில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த கேடு. தெரியாத கேடு, உறையாத குளிரில் நடப்பது. 10 டிகிரிக்குக் கீழே தக்காளியின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அந்தக் குளிர் இரவுக்கிரவு நீடித்தால் செடி சாவதில்லை, ஆனால் உள்ளுக்குள் குலைகிறது. குறிப்பாக வேர், குளிர்ந்த மண்ணிலிருந்து நீரை இழுக்கும் சக்தியை இழக்கிறது. நீருக்கே குளிரில் பாகுத்தன்மை சற்று மிகுந்துவிடுவதோடு, வேரின் உயிரணுச் சவ்வுகளும் அதைத் தாராளமாக உள்ளே விடுவதில்லை. தொட்டி நிறைய ஈரம் இருக்கும்போதே, காலை வெயில் மேலே பட்டதும் இலை வாடித் துவண்டுவிடுவதன் காரணம் இதுவே.

இந்த இடத்தில்தான் அனுபவமில்லாத தோட்டக்காரர், அன்பின் மிகுதியாலேயே, தம் நாற்றைக் கொன்றுவிடுகிறார். வாடிய இலையைக் கண்டதும் தாகமென்று எண்ணி, மழைநீர்த் தொட்டியிலிருந்து சில்லென்ற நீரை மொண்டு வந்து ஊற்றுகிறார். மண் மேலும் குளிர்கிறது. துளைகளில் இருந்த காற்றை நீர் வெளியேற்றிவிட, வேருக்குப் பிராணவாயு இல்லாமற் போகிறது. மாலையில் இலை இன்னும் அதிகமாகத் தொங்குகிறது. மறுபடியும் நீர் ஊற்றப்படுகிறது. குளிரைத் தனியாகத் தக்காளி நாற்று ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஈரத்தையும் தனியாகப் பொறுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து வந்தால் பொறுக்காது. சூடில்லாத குடிலில் நாற்றுகள் மடிவதற்கான காரணங்களை எவ்வளவு விரித்து எழுதினாலும், அவற்றில் பெரும்பாலானவை இந்தச் சேர்க்கைக்குள் அடங்கிவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

எனவே நீர் வார்ப்பதில் மிகுந்த நிதானம் வேண்டும். மேல்மண் உலர்ந்திருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. தொட்டியைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். நீர் ஊற்றிய மறுகணத்தில் அதன் கனம் எவ்வளவு, காய்ந்தபின் எவ்வளவு என்பதைக் கை இரண்டொரு நாளில் பழகிக்கொள்ளும். பூவாளியை முதல் நாளே நிரப்பிக் குடிலுக்குள் வைத்துவிட்டால், மறுநாள் வார்க்கும்போது நீர் மண்ணைவிடக் குளிர்ந்திராது. வார்ப்பது முற்பகலில், அதுவும் வெயில் எழும் நாளில் இருக்க வேண்டும். இலையில் படாமல் வேரடியில் விட வேண்டும். இரவு வருமுன் இலையும் மண்ணின் மேற்பரப்பும் உலர்ந்துவிட வேண்டும். மூடுபனியும் தூறலுமாக இருக்கும் நாட்களில் ஒன்றும் செய்யாமல் இருப்பதே சிறந்த பராமரிப்பு. கை சும்மா இராதவர்களுக்கு அதுவே கடினமான பராமரிப்பும்.

குளிரும் ஈரமும் கூடும்போது முதலில் தலைகாட்டும் எதிரி நாற்றழுகல். நேற்று நிமிர்ந்து நின்ற இளநாற்று இன்று மண்ணோடு சேரும் இடத்தில் கறுத்து, நூலாக மெலிந்து, சாய்ந்து கிடக்கும். பித்தியம், ரைசாக்டோனியா முதலான நுண்ணுயிர்கள் மண்ணிலும் அழுக்கான தொட்டியிலும் தேங்கிய நீரிலும் வாழ்ந்து, மந்தமாக வளரும் நாற்றைத் தாக்குகின்றன. விரைந்து வளரும் நாற்று அவற்றுக்கு முந்திக்கொண்டு தப்பிவிடும். இந்நோயோடு நடத்திய போராட்டத்துக்கு இங்கிலாந்தில் ஒரு நல்ல சரித்திரமே உண்டு. லண்டனுக்கு வடக்கே லீ நதியின் பள்ளத்தாக்கில் ஒருகாலத்தில் மைல்கணக்காகக் கண்ணாடிக் கூடங்கள் நிரம்பியிருந்தன. அங்குள்ள விவசாயிகளின் தேவைக்காக 1914இல் செஸ்ஹண்ட் என்னும் ஊரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே தோன்றி, அந்த ஊரின் பெயராலேயே வழங்கிய செஸ்ஹண்ட் கலவை, செம்புச் சல்பேட் 2 பங்கும் அம்மோனியம் கார்பனேட் 11 பங்கும் சேர்ந்தது. அதை நீரில் கரைத்து நாற்றங்காலில் ஊற்றுவது பல தலைமுறைகளாக ஆங்கிலத் தோட்டக்காரர்களின் வழக்கமாயிருந்தது. இப்போது அது அங்கே விற்பனையில் இல்லை.

மருந்தைக் காட்டிலும் பெரிய உபகாரம் மற்றோரிடத்திலிருந்து வந்தது. லண்டனுக்குத் தெற்கே மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னிஸ் தோட்டக்கலை நிலையத்தில், பாரம்பரிய இயலை ஆராய்வதற்காக வளர்த்த சீனப் பிரிமுலா நாற்றுகள் மண்நோயால் மடிந்துகொண்டேயிருந்தன. அதைப் பொறுக்கமாட்டாத வில்லியம் லாரன்ஸும் ஜான் நியூவெலும் 1930களில் மண்ணையே சாஸ்திரீயமாக ஆராயத் தலைப்பட்டார்கள். அக்காலத் தோட்டக்காரர் ஒவ்வொருவரும் தத்தமக்கென்று ஒரு மண்கலவையை இரகசியமாக வைத்திருந்தனர். செடிக்குச் செடி கலவை மாறியது. லாரன்ஸும் நியூவெலும் எண்ணற்ற பரிசோதனைகளுக்குப் பின், ஏறக்குறைய எல்லாச் செடிகளுக்கும் பொதுவான கலவையைக் கண்டார்கள். விதைப்பதற்கு வண்டல்மண் 2 பங்கு, சதுப்புநிலத்து மக்கான பீட் 1 பங்கு, மணல் 1 பங்கு. தொட்டியில் வளர்ப்பதற்கு முறையே 7, 3, 2 பங்கு. அவற்றோடு அளவான சுண்ணாம்பும் உரமும் சேரும். மண்ணை மட்டும் நீராவியில் சுமார் 82 டிகிரிக்குச் சூடாக்கிப் பத்து நிமிஷம் வைத்தால் நோய்க் கிருமிகள் மடியும். மண் கெடாது என்பதையும் நிர்ணயித்தார்கள். 1939இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டபின், அந்த நிலையம் கலவையை விற்றுப் பணம் தேடவில்லை. யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்று சூத்திரத்தைப் பொதுவில் வைத்தது. தெருக்கடையில் கிடைக்கும் பையில் இன்றும் ஜான் இன்னிஸ் என்ற பெயர் அச்சிட்டிருப்பதைக் காணும்போது, அறிவைப் பூட்டி வைக்காத அந்தப் பெருந்தன்மையை மனத்தால் வணங்கத் தோன்றுகிறது. புதிய கலவை, கழுவிய தொட்டி, அளவான நீர் ஆகிய மூன்றும் இருந்தால் நாற்றழுகலுக்கு இடமே இல்லை எனலாம்.

செடி சற்று வளர்ந்தபின் வருவது சாம்பல்நிறப் பூசணம். அடைத்த குடிலில் செடிகள் மூச்சுவிட்ட நீரெல்லாம் விடியற்காலையில் கண்ணாடியில் முத்துமுத்தாகக் கோத்து இலைகளின்மேல் சொட்டும். ஒடிந்த காம்பிலும், பழுத்துத் தொங்கும் இலையிலும் அந்த ஈரத்தைப் பற்றிக்கொண்டு பூசணம் படரும். குளிருக்கு அஞ்சிப் பகலிலும் சாளரத்தைத் திறக்காதவரின் குடிலில் இது நிச்சயம் வரும். காலையில் வெயில் ஏறி உள்ளே 20 டிகிரியைத் தாண்டும்போதே, வெளியில் குளிர்காற்று வீசினாலும், காற்றுக்கு எதிர்ப்புறத்துச் சாளரத்தைக் கொஞ்சமாவது திறந்து ஈரக் காற்றை வெளியேற்றிவிட வேண்டும். ஏப்ரல் வெயிலை அற்பமாக நினைக்கலாகாது. அலுவலகம் போகும் அவசரத்தில் அடைத்த குடிலில் விட்டுச் சென்ற நாற்று, நண்பகலில் 40 டிகிரியில் வெந்துவிட்டு, அன்றிரவே 4 டிகிரியில் நடுங்கும். அப்படிப்பட்ட செடியின் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டுகொள்ளும். தொட்டிகளை நெருக்கி வைக்காமல், ஒரு செடியின் இலை மற்றொன்றைத் தொடாதபடி இடம்விட்டு வைப்பதும் காற்றோட்டத்தின் ஒரு பகுதியே.

ஒரு குளிர் இரவுக்காக மண்ணெண்ணெய்ச் சூட்டடுப்பை உள்ளே ஏற்றி வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். உறைபனி நிச்சயம் என்ற இரவில் ஏற்றலாம், வழக்கமாக்கலாகாது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகக் குடிலில் சேர்கிறது. மேலும் திரி சரியாக எரியாவிட்டால் உண்டாகும் வாயுக்களில் எத்திலீனும் உண்டு. எத்திலீனை மிக நுட்பமாக உணரும் செடிகளுள் தக்காளி ஒன்று. அந்த வாயு சிறிதளவு பட்டாலும் அதன் காம்புகள் கீழ்நோக்கி வளைந்துவிடும். குளிரிலிருந்து காக்க வைத்த அடுப்பே வேறொரு நோயைத் தந்துவிடக்கூடும்.

இலைகள் காட்டும் குறிகளை அறிந்துகொண்டவருக்கு வீண் கவலை குறையும். இலையின் அடிப்பக்கமும் தண்டும் ஊதா நிறம் பெற்றால் அது தொற்றுநோயன்று. குளிர்ந்த வேர் மண்ணிலுள்ள மணிச்சத்தை எடுக்க முடியாமையின் அடையாளம். மண்ணில் அந்தச் சத்து இல்லாமலில்லை. ஆகவே உரம் இடுவது செரிமானம் கெட்டவனுக்கு விருந்து படைப்பதாகும். இரவுகள் வெதுவெதுப்பானதும் புதிய இலைகள் பச்சையாகவே வரும். வீட்டு ஜன்னலோரத்திலிருந்து குடிலுக்கு மாற்றிய இரண்டொரு நாளில் இலையில் வெள்ளி போன்ற வெளுப்பு தோன்றினால், பழக்கமில்லாத வெயிலோ குளிரோ அதன் காரணம். அந்த இலை தேறாது, செடி தேறிவிடும். முதல் வாரம் பகலில் மட்டும் குடிலில் வைத்து, இரவில் வீட்டுக்குள் எடுத்துச் செல்பவர்களின் நாற்றுக்கு இந்தத் துன்பம் நேர்வதில்லை.

இலையில் தோன்றாமல் காயில் தோன்றும் தீங்கும் ஒன்றுண்டு. முதற்கொத்தின் பூமொட்டுகள், கண்ணுக்குத் தெரியுமுன்பே, நாற்றின் நுனியில் கருவாக உருக்கொள்கின்றன. அந்த நாட்களில் தொடர்ந்து குளிர் தாக்கினால் பூவின் சூலகம் ஒழுங்காக அமையாமல், வாரக்கணக்கில் கழித்துப் பழுக்கும் முதற்கனிகள் மடிப்பும் தழும்புமாக விகாரப்பட்டு வரும். பெரிய பழம் தரும் வகைகளில் இது அதிகம். எய்ல்சா கிரெய்க், மனிமேக்கர் போன்ற நடுத்தரப் பழ வகைகளும், கார்டனர்ஸ் டிலைட் போன்ற சிறுபழ வகைகளும் சூடில்லாத குடிலுக்கு உகந்தவையென்று கருதப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தனை தொல்லைகளுக்கும் மூலம் ஒன்றே: அவசரம். பிப்ரவரியிலேயே விதைத்துவிட்டால் ஏப்ரலில் பெரிய செடியாகிவிடும். அதை ஜன்னலோரத்தில் வைக்க இடமில்லாமல் குளிர்ந்த குடிலுக்குத் துரத்த நேரும். சூடில்லாத குடிலை நம்பியிருப்பவர் மார்ச் நடுவுக்குப் பின், 18 முதல் 21 டிகிரி உஷ்ணமுள்ள வீட்டறையில் விதைப்பதே விவேகம். ஒரு வாரம் பத்து நாளில் முளைத்தவற்றை, வித்திலை விரிந்ததும், தண்டைத் தொடாமல் இலையைப் பிடித்துத் தூக்கித் தனித்தனித் தொட்டியில், வித்திலை வரை மண்ணில் அமிழும்படி நட வேண்டும். புதைந்த தண்டிலிருந்தும் வேர் புறப்படும். ஏப்ரல் கடைசியில் அல்லது மே முதல் வாரத்தில் குடிலுக்குக் கொண்டுபோனால், தெற்கு இங்கிலாந்தில் பெரும்பாலான ஆண்டுகளில் கடுங்குளிர் கழிந்திருக்கும். வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் இன்னும் இரண்டொரு வாரம் பொறுக்க வேண்டும். மே 11 முதல் 13 வரை திருநாள் கொண்டாடப்பெறும் மமெர்ட்டஸ், பங்கிராஸ், செர்வேஷியஸ் என்னும் மூன்று அர்ச்சியசிஷ்டர்களின் நாட்கள் கழியும் வரை இளஞ்செடிகளை வெளியே நடலாகாது என்று ஐரோப்பிய உழவர்கள் பரம்பரையாகச் சொல்லி வருவது, இத்தகைய பிற்காலக் குளிரைப் பலமுறை பட்டுணர்ந்ததனால்தான்.

முதற்கொத்தின் முதற்பூ மலரும் தருணமே நாற்றைக் குடிலின் தரை மண்ணுக்கோ பெரிய தொட்டிக்கோ மாற்றத் தகுந்த பருவம். அதற்கு முன் மாற்றினால், சிறிய வேருக்குப் பெரிய அளவு மண் கிடைத்து, அது உறிஞ்சாத ஈரம் மண்ணில் தேங்கும். நெடுநாள் தாமதித்தால் வேர் தொட்டிக்குள் சுருண்டு செடி முற்றிவிடும். நடுவதற்கு முந்தைய வாரம் தரைமண்ணைக் கறுப்புத் தாளால் மூடிச் சூடேற்றி வைத்து, காலையில் நட்டு, வெதுவெதுப்பான நீரை ஒருமுறை வார்த்து, அதன்பின் புதிய இலை துளிர்க்கும் வரை நீரைக் குறைத்தே கொடுக்க வேண்டும். மார்ச் மூன்றாம் வாரத்தில் விதைத்து இவ்வாறு தடையின்றி வளர்ந்த செடி, பிப்ரவரியில் விதைத்துக் குளிரில் நின்றுபோன செடியை ஜூன் மாதத்தில் எட்டிப் பிடித்துவிடுகிறது. பல ஆண்டுகளில் அதற்கு முன்னதாகவே பழமும் தருகிறது.